அறியாத சொல்லுக்கு விட்ட இடம்

அரபு நூல்களை மாணவர்களுக்குப் பாடம் சொல்லிவரும் நமக்கு மொழிபெயர்ப்பு என்பது அன்றாடத் தொழில். கிதாபில் ஒரு வரியை ஓதுவதும், அதன் பொருளைத் தமிழில் சொல்வதும், மாணவர் அதனை ஓரத்தில் குறித்துக்கொள்வதும் காலை முதல் அஸர் வரை நடந்துகொண்டே இருக்கும். இவ்வாறு பல்லாண்டுகள் சொல்லிக்கொடுத்த பின்னர், நாம் சொன்ன ஒரு சொல் நம்மிடமே திரும்பி வந்து கணக்குக் கேட்டது. அதனை முதலில் சொல்லிவிட்டு வரலாற்றுக்குள் செல்ல விழைகின்றோம்.

இருபது ஆண்டுகளுக்கு முன், மருத்துவச் செய்திகள் அடங்கிய ஒரு பழைய அரபு நூலை நடத்திக்கொண்டிருந்தபோது 'ஸஃதர்' என்னும் மூலிகைப் பெயர் வந்தது. அது எது என்று ஒரு மாணவர் வினவினார். நாம் சற்றும் தயங்காமல் "ஓமம்" என்றோம். அகராதியைப் புரட்டவில்லை, மருந்துக் கடைக்காரர் எவரையும் கேட்கவுமில்லை. எப்போதோ எவரோ சொல்லக் கேட்ட நினைவு, அவ்வளவே. அம்மாணவர் அதனைத் தம் கிதாபின் ஓரத்தில் மையினால் எழுதிக்கொண்டார். பின்னர் அவரும் ஆலிமாகிப் பாடம் சொல்லத் தொடங்கினார். அவருடைய மாணவர்களின் கிதாபு ஓரங்களிலும் அந்த 'ஓமம்' ஏறிவிட்டது.

சில ஆண்டுகள் வளைகுடா நாடொன்றில் பணியாற்றித் திரும்பிய அவர், நம்மைக் காண வந்தபோது ஒரு சிறு பையில் உலர்ந்த இலைகளைக் கொண்டுவந்தார். "ஹஜ்ரத், அங்கே இதைத்தான் ஸஃதர் என்கிறார்கள். ரொட்டியோடு சேர்த்து உண்கிறார்கள். இது ஓமம் இல்லை போலிருக்கிறதே" என்று பணிவோடு சொன்னார். கசக்கி முகர்ந்து பார்த்தோம். மணத்தில் ஓமத்தின் சாயல் இருக்கத்தான் செய்தது. ஆனால் ஓமம் விதை, இதுவோ இலை. இரண்டும் வெவ்வேறு செடிகள்.

தெரியாது என்று அன்றே சொல்லியிருக்கலாமே என அவர் கேட்கவில்லை; நம் உள்ளம் கேட்டது. அக்கேள்வியோடு நாம் பழைய ஏடுகளைப் புரட்டியபோது, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் பக்தாதிலும் குர்துபாவிலும் இதே சிக்கலை எதிர்கொண்ட அறிஞர்கள் கண்முன் வந்து நின்றனர். அவர்களுள் சிலர் அறியாத சொல்லுக்கு இடம் விட்டுச் சென்றார்கள். வேறு சிலர் அவ்விடத்தை அவசரப்பட்டு நிரப்பினார்கள். இருவகைச் செயல்களும் பின்வந்த நூற்றாண்டுகளில் என்ன விளைவைத் தந்தன என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அல்ஜாஹிள் எழுப்பிய ஐயம்

ஹிஜ்ரி 145-இல் (கி.பி. 762) கலீபா அல்மன்ஸூர் பக்தாத் நகருக்கு அடிக்கல் நாட்டினார். அதனையடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் கிரேக்கம், சுர்யானீ, பாரசீகம், சமஸ்கிருதம் ஆகிய மொழிகளிலிருந்து மருத்துவமும் கணிதமும் வானியலும் தத்துவமும் அரபுக்கு வந்து சேர்ந்தன. இப்பெரும் பணியைப் போற்றாத வரலாற்றாசிரியர் இல்லை. ஆயினும், பணி நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அதனைக் கூர்ந்து நோக்கி ஐயம் எழுப்பியவர் ஒருவர் இருந்தார். பஸராவைச் சேர்ந்த அபூ உஸ்மான் அல்ஜாஹிள் (இறப்பு ஹிஜ்ரி 255, கி.பி. 868-869) அவர்களே அவர்.

'கிதாபுல் ஹயவான்' என்னும் தம் பெருநூலில் அவர் மொழிபெயர்ப்பாளனுக்குரிய இலக்கணத்தை வகுக்கின்றார். எந்தக் கலையின் நூலை ஒருவன் பெயர்க்கின்றானோ, அக்கலையில் அவன் மூல ஆசிரியனுக்கு நிகராக இருத்தல் வேண்டும். இரு மொழிகளிலும் சமமான தேர்ச்சி வேண்டும். ஆனால் ஒருவன் உள்ளத்தில் இரு மொழிகள் கூடும்போது ஒன்று மற்றொன்றை இழுத்துக் குறைத்துவிடுகிறதே, அத்தகைய சமநிலை எங்ஙனம் வாய்க்கும் என்று அவர் வினவுகின்றார். கவிதையை வேறு மொழிக்குக் கொண்டுசெல்ல இயலாது என்பதும், அவ்வாறு கொண்டுசென்றால் யாப்புக் குலைந்து அழகு அழிந்துவிடும் என்பதும் அவர் கருத்து. கணிதத்தில் நேரும் பிழையைவிட மார்க்க விஷயத்தில் நேரும் பிழை பன்மடங்கு கேடு தரும் என்றும் எச்சரிக்கின்றார்.

இன்னொரு நுட்பமும் அங்கே உண்டு. மொழிபெயர்ப்பாளன் செய்யும் பிழையோடு காரியம் முடிவதில்லை. படியெடுப்பவன் ஒரு பிழையைச் சேர்க்கின்றான். அப்படியைப் பார்த்து எழுதும் அடுத்தவன் மற்றொன்றைச் சேர்க்கின்றான். கைக்குக் கை மாறமாற நூல் மூலத்தை விட்டு விலகிக்கொண்டே போகின்றது. நம்முடைய 'ஓமம்' கிதாபு ஓரங்களில் பரவிய விதத்தை எண்ணும்போது, அல்ஜாஹிள் அவர்கள் நம் வகுப்பறை வாயிலில் நின்று பார்த்தே எழுதினார்களோ எனத் தோன்றுகின்றது.

ஹுனைனின் கடிதம்

அல்ஜாஹிள் கேட்ட இலக்கணத்திற்கு மிக அருகில் வந்தவர் அவர் காலத்திலேயே வாழ்ந்தார். ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்பது அவர் பெயர். கி.பி. 809 அளவில் ஹீரா நகரில் ஓர் அரபுக் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை மருந்து வணிகர். பக்தாதில் புகழ்பெற்ற மருத்துவ ஆசான் யூஹன்னா இப்னு மாஸவைஹியிடம் பாடம் கேட்கச் சேர்ந்த ஹுனைன், ஓயாது கேள்வி கேட்பவராக இருந்தார். ஆசானுக்குச் சினம் மூண்டது. ஹீராக்காரர்களுக்கு மருத்துவம் எதற்கு, தெருவில் அமர்ந்து நாணயம் மாற்றும் தொழிலே போதும் என்று ஏசி விரட்டிவிட்டார். அழுதுகொண்டு வெளியேறிய இளைஞர் சில ஆண்டுகள் கண்ணில் படவில்லை. மீண்டும் தென்பட்டபோது ஹோமரின் கவிதைகளைக் கிரேக்கத்திலேயே ஓதிக்கொண்டிருந்தார் எனப் பழைய வரலாற்று நூல்கள் கூறுகின்றன. விரட்டிய ஆசானே பின்னர் அவருடைய மொழித் திறனைக் கண்டு இணங்கி வந்தார்.

கி.பி. 856 அளவில், தமக்கு நாற்பத்தெட்டு வயதானபோது, அலீ இப்னு யஹ்யா என்னும் அறிஞருக்கு ஹுனைன் நீண்ட கடிதமொன்று எழுதினார். கிரேக்க மருத்துவ மேதை ஜாலீனூஸின் நூல்களுள் எவையெவை சுர்யானீக்கும் அரபுக்கும் பெயர்க்கப்பட்டன, யார் பெயர்த்தார், யாருக்காகப் பெயர்த்தார் என்பதை 129 நூல்களுக்கு வரிசையாக எடுத்துரைக்கும் கடிதம் அது. வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்த நூல்கள் அனைத்தையும் இழந்துவிட்ட நிலையில் நினைவைக் கொண்டே அதனை எழுதினார் என்பது வியப்பு. இஸ்தன்பூலில் ஆயாசோஃபியா நூலகத்தில் இருந்த அக்கடிதத்தின் கையெழுத்துப் படியை ஜெர்மானிய அறிஞர் பெர்க்ஷ்ட்ராஸர் 1925-இல் அச்சேற்றினார். கலீபாக்களின் பைத்துல் ஹிக்மாவே அக்கால மொழிபெயர்ப்பு அனைத்திற்கும் களம் என்று நாம் மேடைகளில் முழங்குகின்றோம். ஹுனைன் தம் கடிதத்தில் குறிப்பிடுவதோ பெரும்பாலும் தனி மனிதர்களை. சுர்யானீயில் கேட்டவர்கள் அவருடைய சக மருத்துவர்கள். அரபில் கேட்டவர்கள் முஹம்மது இப்னு மூஸாவைப் போன்ற முஸ்லிம் அறிஞர்களும் செல்வர்களும் ஆவர்.

இக்கடிதத்தில் நம்மை ஈர்ப்பது வேறொன்று. ஹுனைன் தம் குறைகளைத் தாமே எழுதி வைத்திருக்கின்றார். மருத்துவப் பிரிவுகளைப் பற்றிய ஜாலீனூஸின் நூலை இருபது வயதளவில் மிகவும் பிழைபட்ட ஒரே ஒரு கிரேக்கப் படியிலிருந்து பெயர்த்ததாகச் சொல்கின்றார். நாற்பது வயதளவில் மாணவர் ஹுபைஷ் அதனைத் திருத்தித் தருமாறு வேண்டினார். அதற்குள் அந்நூலின் பல கிரேக்கப் படிகள் ஹுனைனிடம் சேர்ந்திருந்தன. அவற்றையெல்லாம் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பிழையற்ற ஒரு படியை உருவாக்கினார். பின்னர் அதனோடு தம் பழைய பெயர்ப்பை ஒத்துப் பார்த்துத் திருத்தினார். தாம் பெயர்க்கும் எல்லாவற்றிலும் இவ்வாறே செய்வது வழக்கம் என்றும் கூறுகின்றார். இன்று பதிப்பாசிரியர்கள் சுவடி ஒப்பீடு என்று போற்றும் முறை ஒன்பதாம் நூற்றாண்டின் பக்தாதில் இவ்வாறு நடைபெற்றது.

ஜாலீனூஸின் 'புர்ஹான்' என்னும் நூலைத் தேடி ஜஸீரா, ஷாம், பலஸ்தீன், மிஸ்ர் முழுதும் அலைந்து அலெக்ஸாந்திரியா வரை சென்றார். கிடைத்தது திமிஷ்கில் பாதியளவே. அதுவும் ஒழுங்கு குலைந்த பகுதிகள். கிடைத்தது இவ்வளவுதான் என்று எழுதி வைத்தாரேயன்றி, எஞ்சியதைத் தாமே புனைந்து நூலை முழுமையாக்கிவிடவில்லை. பதினான்கு பாகங்கள் கொண்ட மற்றொரு மருத்துவ நூலின் பிற்பகுதியை, கலீபா மஃமூனின் படையெடுப்புக் காலத்தில் ரக்காவில் தங்கியிருந்தபோது புதிதாகப் பெயர்த்து, பக்தாதில் படியெடுப்பதற்காக அனுப்பி வைத்தார். கொண்டுசென்றவர் ஏறிய கப்பலில் தீப்பற்றி நூல் எரிந்து போயிற்று. வேறு படி இல்லை. சில ஆண்டுகள் கழித்து முதலிலிருந்து மீண்டும் தொடங்கினார்.

ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அஸ்ஸஃபதீ (இறப்பு கி.பி. 1363), மொழிபெயர்ப்பு முறைகள் இரண்டு என்பார். சொல்லுக்குச் சொல் வைப்பது ஒன்று. வாக்கியத்தின் கருத்தை உள்ளத்தில் வாங்கி, அதற்கு நிகரான வாக்கியத்தை அமைப்பது மற்றொன்று. பின்னையதே ஹுனைனின் முறை எனவும் அவர் புகழ்வார். வரலாறு இத்துணை நேர்கோட்டில் அமையவில்லை என்று இக்கால ஆய்வாளர் கூறுவர். ஹுனைனின் பெருமையை முறையில் மட்டும் தேட வேண்டியதில்லை என்றே நமக்கும் தோன்றுகின்றது. இருபது வயதில் செய்ததை நாற்பது வயதில் திருத்த நாணாத உள்ளத்தில் அன்றோ அப்பெருமை இருக்கின்றது!

பக்தாதில் விட்ட இடம், குர்துபாவில் நிரம்பியது

கலீபா அல்முதவக்கில் காலத்தில் (கி.பி. 847-861) தியாஸ்கூரிதூஸ் என்னும் கிரேக்கரின் மூலிகை நூலை இஸ்திஃபன் இப்னு பஸீல் அரபாக்கினார். ஹுனைன் அதனைப் பார்வையிட்டுத் திருத்தி ஏற்பளித்தார். மூலிகை நூலைப் பெயர்ப்பது மற்ற நூல்களைப் பெயர்ப்பது போன்றதன்று. பெயர் மாறினால் செடி மாறும். செடி மாறினால் மருந்து மாறும். மருந்து மாறினால் நோயாளியின் உயிருக்கே கேடு வரும்.

இஸ்திஃபன் என்ன செய்தார் என்பதைக் குர்துபாவின் மருத்துவர் இப்னு ஜுல்ஜுல் நமக்கு அறிவிக்கின்றார். அரபில் பெயர் தெரிந்த மூலிகைக்கு அரபுப் பெயரை எழுதினார். தெரியாதவற்றைக் கிரேக்கப் பெயரிலேயே விட்டுவிட்டார். தமக்குப் பின் அவற்றை அறிந்து விளக்கக்கூடிய ஒருவரை இறைவன் அனுப்புவான் என்னும் நம்பிக்கையே அவர் அவ்வாறு விட்டதற்குக் காரணம். ஒத்த மணமுடைய ஏதோ ஓர் அரபுச் செடியின் பெயரை அங்கே எழுதிவைக்க அவருக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? எழுதியிருந்தால் நூல் முழுமையாகத் தோன்றியிருக்கும், வாங்கியவரும் மகிழ்ந்திருப்பார். அவர் எழுதவில்லை.

அந்நூல் அந்தலுஸ் நாட்டை அடைந்தது. அங்குள்ள மருத்துவர்களும் தெரிந்த பெயர்களைப் பயன்படுத்தி, தெரியாதவற்றை அவ்வாறே வைத்திருந்தனர். ஹிஜ்ரி 337-இல் (கி.பி. 948-949) குஸ்தன்தீனிய்யாப் பேரரசர், குர்துபாவின் கலீபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் அந்நாஸிருக்கு அனுப்பிய அன்பளிப்புகளுள், மூலிகைகளின் உருவங்கள் அழகுறத் தீட்டப்பட்ட அதே தியாஸ்கூரிதூஸின் கிரேக்கப் படியும் ஒன்றாக இருந்தது. பழங்கிரேக்கம் அறிந்தவர் குர்துபாவில் எவருமில்லை. ஆதலால் அது கருவூலத்தில் உறங்கியது. கிரேக்கமும் லத்தீனும் அறிந்த ஒருவரை அனுப்புமாறு கலீபா வேண்ட, ஹிஜ்ரி 340-இல் நிகோலா என்னும் துறவி வந்து சேர்ந்தார். யூத மருத்துவரும் அரசவையினருமான ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத், கிரேக்கம் பேசத் தெரிந்த ஸிகிலிய்யா (சிசிலி) நாட்டவர் ஒருவர், முஸ்லிம் மருத்துவர்கள் சிலர் ஆகியோர் அத்துறவியோடு கூடி அமர்ந்து, நூலையும் செடிகளையும் ஒப்பிட்டு ஒவ்வொரு பெயராகத் தெளிந்தனர். அவர்களை இளமையில் கண்டு பழகிய இப்னு ஜுல்ஜுல், சிறப்பில்லாத பத்தளவு மருந்துகள் தவிர மற்றவை யாவும் ஐயமறத் துலங்கின என்று குறித்துள்ளார். அப்பெயர்களுக்கு விளக்கமாக ஹிஜ்ரி 372-இல் (கி.பி. 982) அவரே தனி நூல் ஒன்றும் இயற்றினார்.

பக்தாதில் ஒருவர் விட்டுச்சென்ற இடம், ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின் பல நாடுகள் கடந்து மேற்றிசை நகரொன்றில் நிரம்பியது. இடம் இருந்ததனால் அன்றோ நிரப்ப ஆள் தேடினார்கள்! அங்கே பொய்ப் பெயர் ஒன்று அமர்ந்திருந்தால் தேடவேண்டும் என்னும் எண்ணமே எவருக்கும் எழுந்திராது.

எச்சரிக்கை மிக்க மனிதரும் ஓரிடத்தில் தவறுவர் என்பதற்கும் இப்னு ஜுல்ஜுலே சான்றாகின்றார். ஹுனைனின் வரலாற்றை எழுதுகையில், அவர் இலக்கண மேதை கலீல் இப்னு அஹ்மதிடம் அரபு பயின்றார் என்று குறித்துவிட்டார். கலீல் அவர்களோ ஹுனைன் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே காலமாகிவிட்டவர். செடிகளின் பெயரில் அத்துணை விழிப்பாக இருந்தவர், ஒரு மனிதரின் ஆசிரியர் பெயரை மட்டும் கேட்டவாறே எழுதினார் போலும்.

அமைச்சரின் அவையில் நடந்த வழக்கு

இடம் விடாமல் நிரப்பியதன் விளைவை அறிய மீண்டும் பக்தாதுக்கு வருவோம். அங்கே மத்தா இப்னு யூனுஸ் (இறப்பு கி.பி. 940) என்பார் தர்க்கவியலில் தலைசிறந்த ஆசானாக விளங்கினார். தத்துவ மேதை அல்ஃபாராபீயும் அவரிடம் பயின்றவரே. அரிஸ்டாட்டிலின் நூல்களை அரபாக்கியவர் அவர். ஆனால் மத்தா பெயர்த்தது சுர்யானீயிலிருந்து, கிரேக்கத்திலிருந்து அன்று.

கி.பி. 932 (ஹிஜ்ரி 320) அளவில் அமைச்சர் இப்னுல் ஃபுராத்தின் அவையில் அறிஞர் பலர் கூடியிருந்தனர். சொல்லில் சரியையும் தவற்றையும் பிரித்தறியத் தர்க்கமே துலாக்கோல், அஃதின்றி உண்மையை அறிய இயலாது என மத்தா சொல்லிவருகின்றாரே, அவரோடு வாதிட வல்லார் உண்டோ என்று அமைச்சர் வினவினார். பலரும் தலை கவிழ்ந்தனர். இறுதியில் எழுந்தவர் அபூ ஸயீத் அஸ்ஸீராஃபீ (இறப்பு ஹிஜ்ரி 368, கி.பி. 979). பாரசீக வளைகுடாவின் ஸீராஃப் துறைமுகத்தவர். ஸீபவைஹியின் இலக்கண நூலுக்கு உரை கண்ட மொழியறிஞர்.

துலாக்கோல் எடையைக் காட்டும், நிறுக்கப்படும் பொருள் பொன்னா இரும்பா என்பதைக் காட்டுமா என்று தொடங்கினார் ஸீராஃபீ. பின்னர் மொழிபெயர்ப்பின் மீதே கை வைத்தார். கிரேக்க மொழி பேசியவர் மறைந்து போயினர். நீரோ அம்மொழி அறியீர். கருத்துகள் கிரேக்கத்திலிருந்து சுர்யானீக்கும் அங்கிருந்து அரபுக்கும் வந்துள்ளன. வழியில் எதுவும் மாறவில்லை என்பதற்கு என்ன உறுதி என்று வினவினார். மொழி மறைந்தாலும் பெயர்ப்பு கருத்தைக் காத்து நிற்கின்றது என்றார் மத்தா. அப்படியாயின் நீர் பெயர்த்து வைக்கும் இந்த அரபு மொழியையாவது அறிய வேண்டுமே என்று, 'வாவ்' என்னும் ஓரெழுத்து இடைச்சொல்லின் பொருள்களைக் கேட்டார். அது இலக்கணம், தர்க்கவாதிக்கு அது தேவையில்லை என்றார் மத்தா. மற்றொரு வினாவும் எழுந்தது. 'ஸைது சகோதரர்களுள் சிறந்தவர்', 'ஸைது தம் சகோதரர்களுள் சிறந்தவர்' என்னும் இரண்டில் எது சரி? இரண்டும் சரி என்றார் மத்தா. ஸைதின் சகோதரர்கள் என்று எண்ணும்போது ஸைது அவர்களுள் ஒருவராக மாட்டாரே, தாம் இல்லாத கூட்டத்தில் அவர் எங்ஙனம் சிறந்தவராவார் என்று ஸீராஃபீ விளக்கினார். அவை வியந்தது.

இந்நிகழ்ச்சியை நமக்குத் தந்தவர் அபூ ஹய்யான் அத்தவ்ஹீதீ. அவர் ஸீராஃபீயிடமும் அர்ருமானீ என்னும் இலக்கண அறிஞரிடமும் கேட்டு எழுதினார். வென்றவர் தரப்புச் செய்தி என்பதை மறத்தல் கூடாது. கருத்து மொழிக்கு அப்பாற்பட்டு எல்லார்க்கும் பொதுவாக நிற்கும் என்று மத்தா சொன்னதிலும் உண்மை உண்டு. அவருடைய மாணவர் அல்ஃபாராபீ பின்னாளில் இரண்டையும் இணக்கினார். நாவுக்கும் சொல்லுக்கும் இலக்கணம் எவ்வாறோ, அறிவுக்கும் அறியப்படும் கருத்துக்கும் தர்க்கம் அவ்வாறே என்று அவற்றுக்கு இடம் வகுத்தார். எனினும் ஸீராஃபீ எழுப்பிய கேள்வி, மத்தாவின் கையாலேயே உருவான ஒரு பெயர்ப்பில் மெய்ப்பட்டது.

ஒரு சொல் முந்நூறு ஆண்டுகள் நடந்த வழி

அரிஸ்டாட்டிலின் கவிதையியல் நூலையும் மத்தா சுர்யானீயிலிருந்து அரபாக்கினார். அதன் கையெழுத்துப் படி இன்று பாரிஸில் உள்ளது. அந்நூலின் பெரும்பகுதி, கிரேக்கர்கள் மேடையில் நடித்துக் காட்டிய அவலச்சுவை நாடகத்தைப் பற்றியது. அரபுகளிடம் அத்தகைய நாடகக் கவிதை இல்லை. ஆகவே அதற்குரிய சொல்லும் இல்லை. இல்லாத பொருளுக்கு மத்தா இருக்கும் சொல் ஒன்றை எடுத்து வைத்தார். அவல நாடகத்திற்கு 'மதீஹ்', அதாவது புகழ்ப்பா என்றும், நகைச்சுவை நாடகத்திற்கு 'ஹிஜா', அதாவது வசைப்பா என்றும் எழுதினார். உயர்ந்தோரைப் பற்றியது ஒன்று, தாழ்ந்தோரைப் பற்றியது மற்றொன்று என்னும் அளவில் சிறு ஒப்புமை இருந்தது. ஓமத்திற்கும் ஸஃதருக்கும் மணத்தில் இருந்த ஒப்புமை போன்றதே அது!

அல்ஃபாராபீயும் இப்னு ஸீனாவும் (இறப்பு கி.பி. 1037) இவ்வழியே செல்லவில்லை. அந்நாடக வகைகளின் கிரேக்கப் பெயரையே 'தராகோதியா', 'கோமோதியா' என்று அரபு எழுத்தில் எழுதினர். அச்சொல்லைக் காணும் வாசகர், இது நம்மிடம் இல்லாத ஏதோ ஒன்று என்றேனும் உணர்வர்.

அந்தலுஸின் பேரறிஞர் இப்னு ருஷ்து (இறப்பு கி.பி. 1198) அவர்களோ 'மதீஹ்' என்னும் சொல்லையே கொண்டார். அவர் கிரேக்கம் அறியாதவர். கையில் இருந்த பெயர்ப்பே அவருக்கு ஆதாரம். புகழ்ப்பா என்று எழுதியிருக்கும்போது நாடகம் என்று எவ்வாறு அறிவார்? அரிஸ்டாட்டில் கூறும் விதிகளுக்கு அல்முதனப்பீ, அபூ தம்மாம் ஆகியோரின் பாடல்களில் எடுத்துக்காட்டுத் தேடினார். அவர் அறிவின் கூர்மையே அங்கே அவருக்குப் பகையாயிற்று. தவறான சொல்லிலிருந்தும் பொருள் காண வல்லவராக இருந்தமையால், சொல் தவறு என்பது அவருக்குப் புலப்படவில்லை. அவருடைய உரையை ஹெர்மன் என்னும் பாதிரியார் 1256-இல் துலைதுலா நகரில் லத்தீனுக்குப் பெயர்த்தார். 1278-இல் மோர்பெக்கெ ஊரின் வில்லியம் என்பார் கிரேக்கத்திலிருந்தே நேராக லத்தீனில் பெயர்த்தும், ஐரோப்பியர் பெரிதும் படித்தது இப்னு ருஷ்து உரையின் பெயர்ப்பையே. 1481-இல் வெனிஸ் நகரில் அச்சேறியதும் அதுவே. அவல நாடகம் என்பது உயர்ந்தோரைப் புகழும் கலை என்று, பக்தாதின் ஒரு சொல் வழியாக ஐரோப்பாவும் சில காலம் எண்ணியிருந்தது.

மத்தாவை நாம் குறை கூற வரவில்லை. அவர் இல்லையேல் அரபு உலகம் அந்நூலையே கண்டிராது. ஆயினும் இரு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். இஸ்திஃபன் விட்ட இடம் நூறு ஆண்டுகளில் உண்மையால் நிரம்பியது. மத்தா நிரப்பிய இடத்திலோ முந்நூறு, ஐந்நூறு ஆண்டுகள் வரை வேறொன்று அமர்ந்திருந்தது.

நம் வீட்டுச் சொற்கள்

தமிழ் முஸ்லிம்களாகிய நம் முன்னோரின் வழக்கிலும் இவ்விரு வழிகளின் தடம் தெரிகின்றது. ஸலாத்தைத் 'தொழுகை' என்றும், ஸவ்மை 'நோன்பு' என்றும், மஸ்ஜிதைப் 'பள்ளிவாசல்' என்றும் தமிழிலேயே வழங்கினர். பிற பகுதிகளில் பாரசீக வழியில் 'நமாஸ்', 'ரோஸா' என்ற சொற்கள் நிலைத்திருக்க, நம் பாட்டிமார் நாவில் தொழுகையும் நோன்பும் நிலைத்தன. ஆனால் ஸகாத்தும் ஹஜ்ஜும் பெயர் மாறவில்லை. ஸகாத்தை வெறும் தருமம் என்றோ, ஹஜ்ஜை வெறும் யாத்திரை என்றோ சொல்லிவிட்டால் அவற்றின் விதிகளும் அளவுகளும் காலமும் உதிர்ந்துபோகும். நிகரான சொல் உள்ள இடத்தில் தமிழ்; இல்லாத இடத்தில் மூலச் சொல். எந்தக் கழகமும் கூடித் தீர்மானிக்காமலே, இச்சமுதாயத்தின் பேச்சில் அமைந்துவிட்ட மொழிபெயர்ப்பு நெறி இது.

அறியேன் என்று சொல்வது நம் மார்க்க அறிஞர்களுக்கு இழிவாக இருந்ததில்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் நாற்பத்தெட்டுக் கேள்விகள் கேட்கப்பட்டபோது, முப்பத்திரண்டுக்கு "அறியேன்" என்றே விடையளித்தார்கள் எனக் கூறுவர். அக்கதையை மாணவர்களுக்குப் பலமுறை சொன்ன நாமே, ஒரு மூலிகைப் பெயருக்கு அவ்வாறு சொல்லத் தவறினோம். கேட்டது மாணவர், சொல்ல வேண்டியவர் ஆசிரியர், அவர்முன் விடையின்றி நிற்கக் கூடாது என்னும் ஆசையே காரணம். மொழிபெயர்ப்பு ஓர் அமானிதம். பிறருடைய பொருளை நம் கையில் வாங்கி வேறொருவர் கையில் சேர்க்கின்றோம். வழியில் ஒரு பகுதி நமக்கு விளங்காவிடில் அதனை விளங்காத நிலையிலேயே சேர்ப்பதும் அமானிதத்தைக் காப்பதுதான். அதற்குப் பதிலாக நம் பையிலிருந்து வேறொன்றை எடுத்து வைத்துவிட்டு, இதுவே அது என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

அன்று அம்மாணவர் தம் பழைய கிதாபையும் கையோடு கொண்டுவந்திருந்தார். ஓரத்தில் இருந்த 'ஓமம்' என்னும் சொல்லை அடித்துவிடச் சொன்னோம். தம் மாணவர்களுக்கும் சொல்லியனுப்புவதாக அவர் ஏற்றுக்கொண்டார். அவ்வாறே செய்தும் இருக்கின்றார். ஊர் ஊராகப் பிரிந்துபோன அவர்களுள் சிலரை எட்ட முடியவில்லை என்று பின்னர் வருத்தத்தோடு தெரிவித்தார். அவர்களுடைய கிதாபுகளில் நம் பிழை இன்னும் இருக்கின்றது. அதற்குப் பொறுப்பு நம்முடையதே.

"அப்படியானால் இந்த இடத்தில் என்ன எழுதட்டும், ஹஜ்ரத்?" என்று அவர் கேட்டார்.

"ஸஃதர் என்றே எழுதுங்கள். பக்கத்தில் கொஞ்சம் இடம் விடுங்கள்" என்றோம்.

பழைய நூலாசிரியர்கள் தங்கள் கருத்தைச் சொல்லி முடித்து, இறுதியில் எழுதும் ஒரு வாசகம் உண்டு. பல ஆண்டுகளாக அதனை நாமும் பழக்கத்தால் எழுதி வந்தோம். இப்போது பொருளுணர்ந்து எழுதுகின்றோம்: அல்லாஹ்வே நன்கறிந்தவன்.